கையை எடு, கண்ணை எடுக்காதே

என் செல்ல மகனுக்கு, அப்புத்தளை மலையிலிருந்து உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அப்பாவுக்கு முழங்காலில்தான் வலி, வாயில் ஒரு வலியும் இல்லை. ஆண்டவர் உன்னையும் உன் பட்டி மாடுகளையும் நலமாக வைத்திருக்கட்டும். இந்த முறை மாடுகளுக்காகத்தான் கொஞ்சம் கூடுதலாக ஜெபித்தேன். உன் கடிதத்தைப் படித்தபோது உன்னைவிட அவைதான் ஆபத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது.

மடுல்சீமைத் தோட்டத்துத் துரை உன்னை நம்பி மாட்டுப்பட்டியை ஒப்படைத்துவிட்டார், உன் பொறுப்பில் முதல் மாடு நிறைசினையாக நிற்கிறது, அதனால் நீ அதன் காலடியிலேயே வைக்கோலைப் போட்டுப் படுக்கிறாய், காலையும் மாலையும் வெந்நீரில் குளிப்பாட்டுகிறாய், வயிற்றைத் தடவுகிறாய், மிளகும் இஞ்சியும் அரைத்து ஊற்றுகிறாய், கன்றை இழுக்கப் புதுக் கயிறு முறுக்கி வைத்திருக்கிறாய். இத்தனையும் எழுதிவிட்டு, “அம்மா, பயமாக இருக்கிறது, வண்டி பிடித்து வந்துவிடு” என்று முடித்திருக்கிறாய். வரமாட்டேனடா. பதுளையிலிருந்து அந்தப் பாதையில் என் எலும்பு முறியும் என்பதற்காக இல்லை. நான் வந்தால் அந்த மாட்டின் மேல் வைக்க இன்னும் இரண்டு கைகள் வந்து சேரும். அதற்கு இப்போது இருப்பதே அதிகம். அதனால் வருவதற்குப் பதிலாக எழுதுகிறேன். நம் பட்டியில் நடந்ததை நீ துண்டு துண்டாகக் கேட்டிருப்பாய். உன் அப்பா கல்யாண வீடுகளில் சொல்லும் கதையில் பாதி அவருடைய மீசைதான் இருக்கும். முழுக் கதையை நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் மாடு வளர்த்தது பாலுக்காக இல்லை, சாணிக்காக. தேயிலைக்கு எரு வேண்டும். மாடு வெளியே போய்ச் சாணி போட்டால் அது மலைக்குப் போய்விடும், பட்டிக்குள் போட்டால் தோட்டத்துக்குச் சேரும், ஆகவே இரவும் பகலும் கட்டியே வை என்பது துரையின் உத்தரவு. புல்லை நாங்கள் தலையில் சுமந்து கொண்டுவந்து போட வேண்டும். மாடுகள் நின்ற இடத்திலேயே தின்று, நின்ற இடத்திலேயே படுத்து, குளம்பு வளர்ந்து செருப்பு மாதிரி முன்னால் நீண்டிருக்கும். கிடாரிகள் சினை பிடிக்காது. பிடித்தாலும் ஈனும்போது படாத பாடு படும். இப்படி ஒரு பட்டிக்கு உன் அப்பாவைப் பொறுப்பாகப் போட்டார்கள்.

உன் அப்பா மாட்டை நேசிக்கிற மாதிரி இந்த மலையில் ஒரு மனுஷன் நேசித்ததில்லை. அதுதான் தொல்லை. ஒரு மாடு பெருமூச்சு விட்டால் இவருக்குத் தூக்கம் போய்விடும். தும்மினால் மிளகு, வெற்றிலை, பூண்டு எல்லாம் அரைத்து மூங்கில் குழாயில் ஊற்றி அதன் தொண்டைக்குள் கவிழ்த்துவிடுவார். அசை போடுவது கொஞ்சம் மெதுவானால் கம்பியைக் காய்ச்சி விலாவில் சூடு போடுவார். போடும்போது இவர் கண்ணில் தண்ணீர் வழியும், ஆனால் கை நிற்காது. எங்கள் பட்டியில் சூட்டுத் தழும்பு இல்லாத மாடு கிடையாது. கல்யாணமான புதிதில் எனக்கு ஜலதோஷம் பிடித்தபோதுகூட அந்த மூங்கில் குழாயை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து மருதாயி அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டேன். இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், “அதையெல்லாம் எதுக்குடி எழுதுற?” என்கிறார். எழுதுவேன்.

அந்த ஒரு வருஷத்தில் மூன்று கன்றுகள் போயின. முதல் கன்றின் குளம்பு நுனி வெளியே தெரிந்த மறு நிமிடமே கயிற்றைக் கட்டி நான்கு ஆண்கள் பிடித்து இழுத்தார்கள். தாய் இன்னும் நெகிழ்ந்து கொடுக்கவே இல்லை. கன்று செத்து வந்தது, தாயும் வெகுநாள் எழுந்திருக்கவில்லை. அடுத்தது நல்லபடியாகப் பிறந்து துள்ளிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கொன்றது நம் லயத்து வரிசை வீட்டுக்காரர்களின் சீம்பால் ஆசை. உனக்குத் தெரியுமே, மாடு ஈன்றால் அந்த முதல் மஞ்சள் பால் ஊர்ப் பொதுச் சொத்து. முதல் செம்பு பங்களாவுக்கு, அடுத்தது கணக்கப்பிள்ளை வீட்டுக்கு, பிறகு லயத்தில் வாசலுக்கு வாசல். கருப்பட்டியும் ஏலமும் போட்டுக் கிண்டினால் கட்டி கட்டியாக வரும். கன்று அதைக் குடித்தால் கழிச்சல் கண்டு செத்துவிடும் என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். அதனால் கன்றுக்குக் கஞ்சித் தண்ணீர். நானும்தான் தின்றேன், ருசியாகத்தான் இருந்தது. நாங்கள் வாயைத் துடைத்துக்கொண்ட சில நாளில் கன்று தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. மூன்றாவது, லேசாக இருமிய கன்று. உன் அப்பா குழாயில் ஊற்றிய மருந்து புரையேறி, அவர் மடியிலேயே போய்விட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, குழந்தை மாதிரி அழுதார். அழுகிற மனுஷனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் திட்டினேன்.

துரை குதிரையில் வந்து பட்டி வாசலில் நின்றார். கணக்கப்பிள்ளை அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்: “இன்னும் ஒரு கன்னு செத்தா பத்துச்சீட்டு குடுத்துருவேன்னு சொல்றாரு. குடும்பத்தோட மலைய விட்டு எறங்கணுமாம்.” பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நிறுத்தும் சீட்டு. கன்றைக் கொன்றவன் என்று பெயர் வாங்கிய ஆளை வேறெந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்? திரும்பிப் போகக் கடலுக்கு அந்தப் பக்கம் ஊரில் எங்களுக்கு ஒரு கூரை கிடையாது. நீ என் வயிற்றில் தங்கியிருக்கிறாய் என்பது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பிள்ளை எந்தக் கூரையின் கீழ் பிறக்கும் என்று நினைத்து நினைத்து நான் புல் வெட்டப் போனேன், வந்தேன்.

அடுத்து ஈன வேண்டியவள் செவலை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? நீ இப்போது செய்கிறாயே, அத்தனையும் செய்தார். ஒரு கயிறு இருந்த இடத்தில் இரண்டு கயிறு கட்டினார். பாவம், அது தலையைத் திருப்பித் தன் வயிற்றை நக்கக்கூட முடியாமல் நின்றது. நான் புல் வெட்டப் போகும் ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமத்து மாடுகள் பத்தனை என்கிற மலைப் புல்வெளியில் மேயும். அவற்றுக்கு யார் வெந்நீர் வைத்தார்கள்? கன்றுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஒருநாள் அங்கே ஒரு பசு மந்தையை விட்டு விலகிப் போய்த் தானாக ஈன்றதைப் புல்கட்டின் மேல் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். முதலில் இரண்டு முன்னங்கால்கள், அதன் மேல் வைத்தாற்போல மூக்கு, அப்புறம் முழுக் கன்று. மேய்க்கிறவர் மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். தூங்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த மனுஷன் உட்கார்ந்திருந்த விதம் எனக்குப் பெரிய யோசனையைக் கொடுத்தது.

செவலைக்கு வலி எடுத்தது ஒரு விடிகாலையில். மலை முழுக்கப் பனிமூட்டம். உன் அப்பா இழுப்பதற்கு ஆள் கூட்டிவர லயத்துக்கு ஓடினார். செவலை இரண்டு கயிற்றையும் இழுத்து இழுத்து மலைப் பக்கமே பார்த்தது. அதன் கண்ணைப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லையடா. இரண்டு கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலைத் தாண்டி மேட்டில் ஏறியது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நான் பின்னால் போனேன். சிறுத்தை இருக்கிற மலை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், அதனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தை விட்டு விலகவில்லை. மானாப்புல் உயர்ந்து நின்ற ஒரு மறைவில் போய்ச் சுற்றிச் சுற்றி வந்தது, படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. தண்ணீர்க்குடம் உடைந்தது. ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும்போல என் கை துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும். பக்கத்தில் இருந்த புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து உன் அப்பா கயிறும் கையுமாக, இரண்டு ஆளோடு மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

“வெலகுடி! காலு தெரியுது, இழுக்கணும்!”

“தெரியட்டும். ரெண்டு காலும் மூக்கும் ஒழுங்கா வருது. வழி தெரிஞ்சுதான் வருது.”

“செத்துப் போச்சுன்னா தொரை நம்மள மலைய விட்டு எறக்கிருவாரு! ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா?”

“இழுத்துச் செத்தத ஒருக்காப் பாத்தாச்சு. இழுக்காம ஒருக்காப் பாப்போம். அதத் தொட்டீங்கன்னா நான் இந்தப் பள்ளத்துல எறங்கிப் போயிருவேன், பாத்துக்குங்க!”

கூட வந்த இருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டார்கள். உன் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். செவலை மூச்சைப் பிடித்து ஒரு முக்கு முக்கியது, இன்னொரு முக்கு, கன்று வழுக்கிக்கொண்டு புல்லில் விழுந்தது. விழுந்த கன்று அசையவில்லை. அதற்குள் தாய் எழுந்து, திரும்பி, அதன் மூக்கை முதலில் நக்கியது பார், நாங்கள் நான்கு பேரும் சேர்ந்தாலும் அப்படி நக்கித் துடைக்க முடியாது. கன்று தும்மியது. காதை ஆட்டியது. நாலு காலும் நாலு திசைக்குப் போக எழுந்து விழுந்தது, மறுபடி எழுந்தது, மடியைத் தேடி முன்னங்காலுக்குள் முட்டியது. “அங்கிட்டு இல்லடா, பின்னால, பின்னால!” என்று உன் அப்பா கத்தினார். அதற்குச் சொல்லிக்கொடுக்கவும் இவர் தேவையா? அதுவாகத் தேடிப் பிடித்து, வாலை ஆட்டிக்கொண்டு சப்பிக் குடித்தது. பனிக்குள் நின்று நான் சிரித்தேன். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்டிக்கு இறங்கி வந்தால் அங்கே வேறொரு யுத்தம் காத்திருந்தது. பங்களாச் சமையல்காரர் பித்தளைச் செம்போடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் எல்லோரும் சட்டியும் குண்டானுமாக நிற்கிறார்கள். செவலை ஈன்ற செய்தி எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டது. நான் பட்டிக் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றேன். “கன்னு வயிறு முட்டக் குடிக்கட்டும். மிச்சம் இருந்தா தாரேன். இல்லேன்னா இல்ல.” மருதாயி அக்கா, லயத்தில் எல்லோருக்கும் பிரசவம் பார்க்கிறவர், என்னைப் பெற்ற தாய் மாதிரி இருந்தவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “ஏன்டி, இது ஒங்க அப்பன் வீட்டு மாடா? தோட்டத்து மாடு! இம்புட்டுக் காலமா குடுத்த சீம்பால இல்லேங்கிறதுக்கு நீ யாருடி?” “நீங்க புள்ள பெத்தவ வீட்டுக்குப் போனா, பால ஊருக்குக் கறந்து குடுத்துட்டுப் புள்ளைக்கிக் கஞ்சித் தண்ணியா ஊத்துறீங்க?” என்று கேட்டேன். அவர் சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதோடு என்னோடு பேச்சை நிறுத்தினார். அந்த வாரம் முழுக்க லயத்தில் ஒருவரும் எனக்கு அடுப்பு மூட்ட நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை.

சமையல்காரர் போய்ச் சொல்லித் துரை நேரில் வந்தார். கணக்கப்பிள்ளை முகம் வெளுத்து நின்றார். நான், “பங்களாவுக்குச் சீம்பால் வேணுமா, கன்னு வேணுமா, ஒண்ணு சொல்லச் சொல்லுங்க” என்றேன். கணக்கப்பிள்ளை அதை எப்படி இங்கிலீஷில் மெத்தென்று ஆக்கலாம் என்று தடுமாறிக்கொண்டிருக்க, துரை கன்று குடிப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், “கன்னு வேணும்” என்றார். பத்துச்சீட்டுப் பேச்சை மட்டும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கன்று பிழைக்கிறதா பார்ப்போம் என்று போனார். பிழைத்தது! கழிச்சலும் இல்லை, கிழிச்சலும் இல்லை. லயம் முழுக்க அது எப்போது சாகும் என்று எட்டி எட்டிப் பார்த்தது, அது கொழுத்துப் போய் எட்டிப் பார்த்தவர்களை முட்டியது. உன் அப்பா அந்தத் தைரியத்தில் மாடுகளைப் பகலில் மேய்ச்சலுக்கு விட அனுமதி கேட்டார். மேய்கிற மாடு கூடுதலாகத் தின்னும், இரவில் பட்டிக்குள் கூடுதலாகச் சாணி போடும் என்று சொல்லச் சொன்னது நான்தான். சில நாள் மேயவிட்டுச் சோதித்துப் பார்த்த துரை எருக்குவியல் குறையவில்லை என்று கண்டதும், “நல்ல யோசனை” என்று இவர் தோளில் தட்டினார். இவர் என் பேரைச் சொல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டார். சரி, போகட்டும் என்று விட்டேன். செவலை ஈன்ற அன்று பின்னால் விழுந்த இளங்கொடியை வைக்கோலில் சுற்றிப் பலாமரத்தில் கட்டினால்தான் பால் ஊறும் என்று ஒற்றைக் காலில் நின்றார், அதையும் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அதனால் மாட்டுக்கு ஒரு சேதமும் இல்லை.

மகனே, இதோடு நிறுத்தினால் நீயும் உன் அப்பா மாதிரி ஆகிவிடுவாய். அந்த மனுஷன் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தாவினார். குழாயைத் தூக்கிப் பரணில் போட்டார், கயிற்றைத் தூக்கிப் போட்டார், கூடவே கண்ணையும் மூடிக்கொண்டார். “மாட்டுக்கு எல்லாம் தெரியும்” என்று லயம் லயமாகப் போய்ப் பேசினார். ஈர மேய்ச்சலில் ஒரு கிடாரியின் மூக்குக்குள் அட்டை ஏறி, அது தலையை உதறி உதறி இளைத்துக்கொண்டு வந்தது. இவர், “தானா விழுந்துரும்” என்றார். தானாக எங்கே விழும், ரத்தம் இனிக்கும்போது? நான் கிடாரியைக் காலையில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு தொட்டித் தண்ணீரில் மூக்கைப் படிய வைத்து, அட்டை தண்ணீருக்கு ஆசைப்பட்டு எட்டிப் பார்த்த நேரத்தில் உப்புத் தொட்ட துணியால் பிடித்து இழுத்தேன். நீண்ட குளம்பைச் செதுக்க வேண்டும், மழைக்காலத்தில் கன்றை இரவில் உள்ளே அடைக்க வேண்டும், உப்பு வைக்க வேண்டும். இதெல்லாம் மாடு தனக்குத் தானே செய்துகொள்ள முடியாத காரியம். அதற்குத் தெரிந்ததில் நாம் தலையிடக் கூடாது, அதனால் முடியாததில் நாம் தூங்கக் கூடாது. எது எது என்று தெரிய வேண்டுமானால் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் மயிலை என்ற அடுத்த மாட்டுக்கு ஈனும் நாள் நெருங்கியது. எனக்கும்தான். வாயும் வயிறுமாக, குனிந்தால் நிமிர முடியாமல் இருந்தேன். இந்தக் கன்றையும் பார்த்துவிட்டுத்தான் உன் அப்பாவைப் பட்டியில் நிரந்தரமாக வைப்பதா, அனுப்புவதா என்று முடிவு செய்வேன் என்று துரை சொல்லியிருந்தார். மயிலை பட்டிக்குப் பக்கத்துப் புல்வெளியிலேயே படுத்துவிட்டது. உன் அப்பா கல்லில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கூடியிருந்தவர்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். துரையும் வந்து நின்றார். நான் மூக்கு தெரிவதைப் பார்த்தேன். ஒரு கால் தெரிந்தது. இன்னொரு காலைக் காணவில்லை. மயிலை முக்கியது, மூக்கு வந்தது, திரும்ப உள்ளே போனது. மறுபடி முக்கியது. அதே கதை. நான் அந்தப் புல்கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தது இப்படி இல்லை. செவலை ஈன்றதும் இப்படி இல்லை.

“ஏங்க, ஒரு காலு உள்ள மடங்கிருக்கு. கைய விடணும்.”

“நீதானேடி தொடாதன்னு சொன்ன!”

“கையத்தான் எடுக்கச் சொன்னேன், கண்ணையும் எடுக்கச் சொன்னேனா? நகருங்க!”

தேங்காயெண்ணெய் கொண்டுவாருங்கள் என்று நான் சேலையைச் செருகியதும் சுற்றி நின்றவர்கள் பதறிவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி மாடு ஈனுவதைப் பார்க்கவே கூடாது, தொட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று இழுத்தார்கள். அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மருதாயி அக்கா வந்தார். சீம்பால் நாளிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவர். “ஆகாதுன்னு எவ சொன்னா? என் கை முட்டி வீங்கிக் கெடக்கு, உள்ள போகாது. ஒன் கை மெலிசு. வாடி, நான் சொல்றேன், செய்யி” என்று என் பக்கத்தில் மண்டியிட்டார். எண்ணெயை என் தோள்வரைக்கும் அவரே தடவினார். “அது முக்கும்போது தள்ளாத. வலி விட்டதும் கன்னப் பின்னால தள்ளு. எடம் கெடைக்கும். இப்பக் காலத் தேடு.” உள்ளே சூடு, இருட்டு, ஒன்றும் புரியவில்லை. மயிலை முக்கும்போது என் கை முறிந்துவிடும்போல நசுங்கியது. வயிறு கனக்க, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு தேடினேன். முட்டி அகப்பட்டது. அதைப் பிடித்துக் கீழே வந்தேன், குளம்பு அகப்பட்டது. “குளம்ப உள்ளங்கையில பொத்திக்கடி, தாயோட வயித்தக் கிழிச்சிரும். பொத்திக்கிட்டு மெல்ல முன்னால கொண்டா.” கொண்டுவந்தேன். இரண்டு காலும் சேர்ந்து வெளியே தெரிந்ததும், “போதும், இனி அது பாத்துக்கும்” என்று மருதாயி அக்கா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். அடுத்த முக்கில் கன்று வந்து விழுந்தது, உயிரோடு, கத்திக்கொண்டு! மயிலை எழுந்து நக்கத் தொடங்கியது. நான் எண்ணெயும் சேறும் ரத்தமுமாகப் புல்லில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தேன். மருதாயி அக்காவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், அதுவும் சிரிப்புத்தான்.

துரை முன்னால் வந்து உன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ பெரிதாகச் சொன்னார். கணக்கப்பிள்ளை, “ஒன்னைய மாதிரி பட்டி பாக்குற ஆளு இந்த மலையில இல்லைன்னு சொல்றாரு. நிரந்தரமா ஒன்னையே வச்சுக்கிறாராம்” என்றார். எங்களுக்கு அது போதும். நான் அந்த இடத்திலேயே கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஆனால் உன் அப்பா கையை விடுவித்துக்கொண்டார். மீசைப் பக்கம் அந்தக் கை போகவே இல்லை. “நான் இல்லீங்க தொரை” என்றார், லயம் முழுக்க நின்று கேட்க. “செவலைய அவுத்து விட்டதும் நான் இல்ல. மேய்ச்சல்னு சொன்னதும் நான் இல்ல. இன்னைக்கி நான் கையக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன். எல்லாம் எம் பொண்டாட்டி. வைக்கிறதுன்னா அவளையும் சேத்து வையுங்க.” இதை எழுதுகையில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருட்டுத் தேடுகிறார். மடியில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்கு என்னையும் வரச் சொன்னார்கள். பெரட்டு என்றால் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பனியில் வரிசையாக நின்று அன்றைய வேலைக்குப் பேர் கொடுப்பது. கொழுந்து பறிக்கப் பேர் கூப்பிட்டார்கள், செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குக் கூப்பிட்டார்கள், தண்ணீர் ஓடும் கான் வெட்டக் கூப்பிட்டார்கள். கடைசியில் கணக்கப்பிள்ளை, “மாட்டுப்பட்டி” என்றார். உன் அப்பாவின் பேர் வந்தது. அடுத்து என் பேர் வந்தது. அதுவரை அந்தத் தோட்டத்தில் மாட்டுப்பட்டிக்கு ஒரு பொம்பளை பேர் கூப்பிட்டதில்லை. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “இருக்கேங்க!” என்று நான் போட்ட சத்தம் கீழே பெரகலை வரைக்கும் கேட்டிருக்கும் என்று மருதாயி அக்கா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உன்னைக் கையில் ஏந்தியது அந்த மாதமே, அதே லயத்துக் கூரையின் கீழ். நம்மை ஒருவரும் மலையை விட்டு இறக்கவில்லையடா. நீ இங்கேதான் பிறந்தாய்.

உன் அம்மா